துங்சிக்கு வருகிறோம்

பாகை 84 · காலை 7:10
செவ்வாய், தென்பாதி, ஒற்றையாள் நிலையம். எழுதுவது வெள்ளத்துரை: பொறியாளர், சமையல்காரர், இந்த அரைக்கோளத்தின் ஏகச் சக்கரவர்த்தி. வெளியே மைனஸ் 118. நேற்று நான் போட்ட தும்மல் உறைந்து விழுந்து தரையில் ஓட்டை. இங்கே தேதி கிடையாது. கிரகம் சூரியனைச் சுற்றி எத்தனை பாகை வந்திருக்கிறதோ அதுதான் நாள்கணக்கு. ஒரு பாகைக்குச் சுமார் இரண்டு நாள். அறைகளைச் சூடாக்கும் வெப்பக்கலத்தில் மிச்சம் 31 சதவீதம். புதுக்கலம் பூமியிலிருந்து வந்து இறங்கியதும் வடபாதிச் சீன நிலையத்தார் ஆறு பேர் வண்டியில் கொண்டுவர வேண்டும்.

பாகை 84 · காலை 9:40
அவர்கள் தலைவி லின் அம்மையாரின் செய்தி, பூமி வழியாக: "துங்சிக்கு வருகிறோம்." அது என்ன சாமி என்று கேட்டேன். பூமியின் தரைநிலையத்தில் இருப்பவள் என் அக்கா மகள் பேச்சித்தாய். நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
"அவுக பஞ்சாங்கத்துல குளிர்காலத்து நட்டநடு நாளு மாமா. அரிசிமாவ உருட்டி இனிப்புத் தண்ணியில போட்டுத் திம்பாகளாம். நம்ம பால்கொழுக்கட்டைதான். கதை அளக்காம ஆக்கி வைங்க."
இங்கே குளிரின் நடுநாள் பாகை 90. இன்னும் பதின்மூன்றே நாள்!

பாகை 87 · பகல் 12:05
சிக்கனம் ஒழிந்தது. ஆறு விருந்தாளிகள் பல் கிட்டிப்போயா உட்காருவார்கள்? மூன்று அறைகளையும் சூடேற்றினேன். அவர்கள் சக்கரம் உறையாதிருக்க வண்டிக் கொட்டகையையும். கொட்டகை ஒரு பூதம். கலத்தை மடமடவென்று குடிக்கிறது. 19 சதவீதம். குடிக்கட்டும்.

பாகை 90 · மாலை 4:30
கொழுக்கட்டை இமயமலை உயரம். யாரும் வரவில்லை. 8 சதவீதம்.

பாகை 91 · காலை 8:15
"மாமா... துங்சின்னா எப்பவுமே எரநூத்தியெழுவதாம் பாகையாம். வடக்கே அன்னைக்குத்தான் குளிரு. உங்க பக்கம் கோடையாம். புதுக்கலம் ஏத்துன கப்பலு இன்னும் பூமியவிட்டே கெளம்பல, அதுக்கு முந்தி குடுக்க அவுககிட்ட வேற கலமும் இல்லையாம். நாந்தான மாமா குளிருன்னு சொன்னேன்..."
இன்னும் முந்நூற்று இருபது நாள். 31 சதவீதம் ஒற்றை அறைக்கு அதுவரை தாங்கும் என்பது லின் அம்மையாரின் கணக்கு. சரியான கணக்கு. பேச்சி சொன்ன அர்த்தமும் சரி. கிரகம் உருண்டையாக இருந்து தொலைத்ததுதான் தப்பு.
கொட்டகையை மூடினேன். ஒற்றை அறை. 8 சதவீதம், தொண்ணூறு நாள்.

பாகை 104 · காலை 10:20
பேச்சி தினமும் அழுகிறாள். சோறு இறங்கவில்லையாம், வேலையை விடப்போகிறாளாம். கலத்தின் அளவை நான் சொன்னால்தான் பூமிக்குத் தெரியும். ஆகவே சக்கரவர்த்தி ஒரு பிரகடனம் அனுப்பினார்:
"ஏ கழுத, கட்டிலுக்கடியில பழைய கலம் ஒண்ணு கெடந்துச்சு. ஆயிரம் வருசத்துக்குக் காணும். மூக்கச் சிந்தாத."
"நெசமாவா மாமா? அளக்கலியே?"
"உங்கம்மா மேல சத்தியம்."
பிறந்தது முதல் என் பேச்சில் கால்வாசியைக்கூட நம்பாத பெண். இதை நம்பிவிட்டாள்.

பாகை 119 · பகல் 1:00
அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வானிலை வாசிக்கிறாள். நான் நான்கு படுக்கை உறைகளுக்குள் கிடந்து கேட்கிறேன். இடக்கால் விரல்கள் கறுத்துவிட்டன. 3 சதவீதம்.

பாகை 131 · மணி தெரியவில்லை
கலம் 0. கண்டெடுப்பவர்களே, கட்டிலுக்கடியில் தேடாதீர்கள். ஒன்றுமில்லை. அவளிடம் மட்டும் அதைச் சொல்ல வேண்
விரல் மடங்க
"மாமா, இன்னைக்குச் சூடு எப்டி இருக்கு?"
அனுப்பிவிட்டேன்:
"வேத்து ஊத்துது புள்ள. ஒரு விசிறி இருந்தா