கம்ப்யூட்டர் வேலையை நானே முடித்துவிட்டேன்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். கடைக் கம்ப்யூட்டரும் நலம். சொல்லப்போனால் எங்கள் இருவரையும்விட அதுதான் இப்போது தெம்பாக இருக்கிறது. அங்கே போன் பேச அனுமதி இல்லாததால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. நீளமாகத் தோன்றினால் இரண்டு தடவையாகப் படியுங்கள்.

உங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த தாளும் வந்து சேர்ந்தன. குடியை நிறுத்தும் சிகிச்சை தொண்ணூறு நாள். நாற்பத்திரண்டாம் நாளே உங்களை வெளியே விட வீட்டார் சம்மதம் வேண்டுமாம், நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். காரணமும் எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் பழையது, மாதம் முடிந்தால் நமக்கு பேட்ஜ் வேலை தரும் ஆஸ்பத்திரியின் இணைய ஆர்டர் பக்கம் அதில் திறக்காது, புதியதை ஏற்ற உங்களைத் தவிர ஆள் கிடையாது என்று.

உங்கள் அண்ணனும் வந்தார். "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டா என்ன? கடை படுத்துட்டா யார் தூக்கி நிறுத்துறது?" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆஸ்பத்திரி பேட்ஜ் ஆர்டர் கைவிட்டுப் போனால் எம்பிராய்டரி மெஷினுக்குத் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான். அன்றைக்கு முழுக்க யோசித்தேன். காரணம் இருப்பதால்தானே கையெழுத்துக் கேட்கிறீர்கள், அந்தக் காரணமே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

சிரிப்பீர்கள். நூல் அறுந்தால் கோக்கத் தெரியும், அதைத் தாண்டி இவளுக்கு என்ன தெரியும் என்று. சிரித்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் கடைப் பெண்ணை வரவழைத்துக் காட்டினேன். புதியதைத் தாங்குமா என்று முதலில் பார்த்தாள். மெமரி போதாது என்று ஒன்று கூடுதலாகப் போட்டாள். தன் கடைக்கு எடுத்துப் போனால் ஒரு வாரம் ஆகும் என்றாள். ஒரு வாரம் மெஷின் நிற்க முடியாதே! நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்று பேட்ஜ் வெட்டும் அட்டையின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். முதல் வரியே இதுதான்: "பேக்கப் இருக்குன்னு சொன்னா நம்பாதீங்கக்கா. வேற கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தாத்தான் அது பேக்கப்."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஏனென்றால் நீங்கள்தான் எழுதியிருந்தீர்களே, பச்சை ஹார்ட் டிஸ்கில் பதினான்கு வருட டிசைன் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது, போன வருடமே எடுத்து வைத்துவிட்டேன், அடம்பிடித்து நீயே செய்வதானால் கண்ணை மூடிக்கொண்டு செய் என்று. இருந்தாலும் எழுதிக்கொண்டதற்காக அந்த டிஸ்கை எதிரே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். அவருடைய கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தோம்.

பெயர்கள் எல்லாம் இருந்தன. எல்லாப் பள்ளிக்கூடத்தின் பெயரும், ஆஸ்பத்திரியின் பெயரும். எதை அழுத்தினாலும் 'கிடைக்கவில்லை' என்றே வந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதெல்லாம் வெறும் ஷார்ட்கட்டும்மா. விலாசத்தை மட்டும் எடுத்து வெச்சிருக்கார், வீட்டை எடுக்கலை" என்றார்.

திரையில் தெரிந்த படங்களை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் பத்திரம் என்று டேப் ஒட்டி எழுதியும் வைத்திருக்கிறீர்கள். எந்த நிலையில் அதைச் செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடியிருந்தால் பதினான்கு வருடமும் போயிருக்கும். கண்ணாடிக்காரர் முன்னால் அழக்கூடாது என்று படி இறங்கும் வரை அடக்கிக்கொண்டேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

மறுநாள் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே கம்ப்யூட்டருக்குள் அசல் டிசைன்கள் இருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்து முழுதாக நகல் எடுத்தேன். திரும்பவும் எதிர்க்கடைக்குப் போய், கண்டபடி பொறுக்கிப் பதினேழு டிசைனைத் திறந்து பார்த்தேன். பதினேழும் திறந்தன. கம்ப்யூட்டர் முழுவதையும் இருக்கிறபடியே இன்னொரு டிஸ்கில் எடுத்து, புதியது ஒத்துவராவிட்டால் பழையதற்கே திரும்ப ஒரு பென் டிரைவும் தயார் செய்தேன். மெஷினுக்கான டிரைவரை, அதுதான் கம்ப்யூட்டரும் மெஷினும் பேசிக்கொள்ள உதவுமே, அதையும் மெஷின் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைப் பூட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். யு.பி.எஸ். முழுசாகச் சார்ஜ். கம்ப்யூட்டர் மூன்று முறை தானாகவே அணைந்து எரிந்தது. அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றது பாருங்கள், முக்கால் மணி நேரம் அசையவே இல்லை. அணைத்துப் போட்டுவிடலாமா என்று விரல் துடித்தது. திரை கறுத்தாலும் கை வைக்காதீர்கள் என்று ரிப்பேர் கடைப் பெண் சொல்லியிருந்தாள். பதறாத காரியம் சிதறாது என்று எழுந்து போய்க் கடை முழுவதும் பெருக்கினேன். மெஷினுக்கு அடியில் அவ்வளவு பஞ்சு!

மதியம் வேலை முடிந்தது. எதிர்பார்த்தபடியே மெஷினைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. டிரைவரைப் போட்டேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஆஸ்பத்திரி பேட்ஜ் ஒன்றை அனுப்பினேன். ஊசி இறங்கி முதல் எழுத்தைத் தைத்ததும் தனியாக நின்று கைதட்டினேன். ஆர்டர் பக்கமும் திறக்கிறது. இருநூறு பேட்ஜ் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் எழுதிய காரணம் தீர்ந்தது. தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். போன முறை போட்டேன். நாற்பத்தைந்தாம் நாள் அழைத்து வந்தேன், வந்த பதினோராவது நாள் கடை வாசலில் விழுந்து கிடந்த உங்களை மகள்தான் முதலில் பார்த்தாள். இப்போதும் பள்ளிவிட்டு வரும்போது முனையிலேயே நின்று வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நடக்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

வேறு காரணம் வந்தால் எழுதுங்கள். அதையும் முடித்து வைக்கிறேன். நீங்கள் அங்கே இருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இல்லை.

வரும் ஞாயிறு பார்வையாளர் நாள். இந்தக் கடிதம் அதற்கு முன்னே கிடைத்துவிடும், கோபமாகத்தான் இருப்பீர்கள். போன தடவை மாதிரி வெளியே வராமல் இருந்துவிடாதீர்கள். பேச வேண்டாம். என் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். வந்து எதிரே உட்கார்ந்தால் போதும், இந்த முறை மகளும் வருகிறாள்.

தொண்ணூறாம் நாள் வாசலில் வந்து நிற்கப்போகும்,
உங்கள் மனைவி