அடைப்பு வீட்டில் எரிந்த அடுப்பு

அக்கா,

வீட்டு முன்கட்டுக்கு இன்று காலையில்தான் சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். ஈரம் காயாத அந்த வாசனை பின்கட்டில் என் அறைவரை வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இப்போது எல்லாரும் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள். வாடகைக்கு விடுகிற இடத்துக்கு நான் மட்டும் விடாப்பிடியாகச் சுண்ணாம்பு கேட்கிறேன். ஏன் என்று என் மகனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மாடியில் குடியிருக்கும் பையன் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவன். ஷிப்ட் முடிந்து வந்தவன் படியேறாமல் என் எதிரில் வந்து நின்றான். "ஆயா, எங்கம்மாவ ஊட்டுக்கு இட்டுனு போவச் சொல்ட்டாங்க ஆஸ்பத்திரில. மாடிக்கு ஏத்த முடியாது. கீழ காலியா கீற முன்கட்ட கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?" கொஞ்ச நாள் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் போனதும் என் மகன் பிடித்துக்கொண்டான். "இன்னாம்மா நீ, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அப்புறம் எவன் இந்த ஊட்டுக்குக் குடி வருவான்?" அவன் கெட்டவன் இல்லை. வாடகைக்கு வீடு விடுகிற எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்துவிடலாம். பெயர் கெட்ட வீட்டை என்ன செய்வது? சாயந்தரம் சொல்கிறேன் என்று பையனை அனுப்பிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஐம்பதுகளில் திருவள்ளூர் ரயிலடிக்குப் பின்னால் உங்கள் ஐந்து ஓட்டு வீடுகள். கடைசி வீட்டில் நீங்கள், மற்ற நாலில் குடித்தனக்காரர்கள் நாங்கள், எல்லாருக்கும் ஒரே கிணறு. உங்கள் கணவர் போனபிறகு கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் விற்று வாங்கிய வீடுகள். அந்த வாடகைதான் உங்கள் சோறு. நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதாக ஊர் நினைத்தது. ஆனியில் யாராவது காலி செய்தால் ஆடி முழுக்க அந்த வீடு சும்மா கிடக்கும். ஆடியில் யார் வந்து பால் காய்ச்சுவார்கள்? மழைக்கு முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி போட்டு ஏறி, நீங்களே ஓடு மாற்றுவீர்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உங்கள் பாதங்களைப் பார்த்தபடி நிற்பேன்.

ஒரு வருஷம் என் மாமனாரைக் கடம்பத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வைத்தியர் கைவிட்டுவிட்டார். முதல் வீட்டில் குடியிருந்தவர் கிணற்றடியில் உங்களை மடக்கினார். "அவிட்டம், சதயம்லாம் வந்துக்கினு கீது. கெழவர அனுப்பிடு. இல்லன்னா நாங்க காலி பண்றோம்." சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த இடத்தை மாதக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். அடைப்பு என்பார்கள். அவிட்டத்துக்கு ஆறு மாதம். சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு அறையை மூடிவிட்டு இருந்துகொள்வார்கள். வாடகை வீட்டில் அடைப்பு விழுந்தால் அதற்குப் பிறகும் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நான் பாத்திரங்களை மூட்டை கட்டினேன். கடம்பத்தூரில் எங்களுக்கு ஒரு கூரையும் மிச்சமில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? நீங்கள் உள்ளே வந்து மூட்டையைப் பார்த்தீர்கள்.

"இன்னாத்துக்கு இதெல்லாம் கட்டி வச்சிக்கினு கீற? அவுத்து வை. பெரியவருக்குக் கஞ்சி ஆறிடப் போவுது."

அவர் அவிட்டத்தில்தான் போனார். அந்த வாரமே இரண்டு வீடுகள் காலியாயின. நாங்கள் எங்கேயாவது போய்விடுகிறோம் என்று என் கணவர் கைகூப்பினார். நீங்கள் உங்கள் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தீர்கள். "நீங்க அங்க இருங்க. நான் இங்க வரேன்."

நீங்களே சுண்ணாம்பு கரைத்து அடித்தீர்கள். ஈரம் காய்வதற்குள் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் விறகு கொண்டுவந்தபோது தீக்குச்சி ஒன்றும் பற்றவில்லை. உங்கள் கை அப்படி நடுங்கியது. "பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"பயமில்லன்னு யாரு சொன்னா? பயந்தான். ஊட்டுக்காரியே பயந்துகினு ஒதுங்குனா, எவ வந்து இங்க ஒல வைப்பா?"

நானும் அதுவரை தைரியசாலிகளுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அடுப்பு பற்றிக்கொண்டது. உங்கள் முகத்தில் அந்த வெளிச்சம் விழ, விறகைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கோபுரத்தின் அடியில் நிற்கிறபோது கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்ப்போமே, அப்படித்தான் அன்று உங்களைப் பார்த்தேன்.

கதவை அடைக்கவில்லையே தவிர, மாமனார் கிடந்த மூலையில் தினமும் விளக்கேற்றினீர்கள். அந்த வீட்டு ஓட்டிலிருந்து தினமும் புகை வருகிறதா என்று தெருவே பார்த்தது. தை பிறந்ததும் காலியான வீடுகளுக்கு ஆள் வந்தார்கள். அதிலும் ஒரு குடும்பம், "ஊட்டுக்காரம்மா இருக்கிற ஊடுதான் வோணும்" என்று அதையே கேட்டு நின்றது. நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டை மட்டும் அதன்பிறகு நீங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

வீடு கேட்டு யார் வந்தாலும், "ஊட்ல பெரியவங்க கீறாங்களா?" என்று கேட்பீர்கள். மற்ற இடங்களில் இல்லை என்று சொல்லி அனுப்புவதற்காகக் கேட்பார்கள். நீங்கள் கேட்டது, கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றோட்டமான வீட்டைக் கொடுப்பதற்காக. பல வருஷம் கழித்து நீங்கள் போனதும் அந்த அடைப்பு வீட்டில்தான். அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று அந்த வரிசையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பையன் வந்துவிட்டான். அம்மாவை வண்டியிலேயே கூட்டி வந்துவிட்டான், பாவம். வேறு எங்கே போவான்? என் மகன் என் முகத்தையே பார்த்தான். "ஒண்ணு ஆச்சின்னா என் கட்டில முன்கட்டுல போட்டுக்கறேன்டா. நான் இருந்த ஊட்டுக்கு யாராச்சும் வருவாங்க" என்றேன். அவன் போய் வண்டிக் கதவைத் திறந்தான்.

சாவியைக் கொடுத்தபோது என் கை நடுங்கியது. மறைக்கவில்லை, அக்கா.