படத்தில் நான் சொன்ன ஐந்து மீட்டர்

ரௌமா,
நவம்பர் 9

அன்பு வில்யாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம், ஹாலிஃபாக்ஸில் உன் இருமல் விட்டதா என்று எழுது, அம்மா பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்.

‘கைஸ்லா’ கப்பல் மூழ்கியதைப் பற்றிய ஆவணப்படத்தை நம்பலாமா, நீங்களே அதில் பேசுகிறீர்களே என்று கேட்டிருந்தாய். நம்பாதே. முக்கியமாக நான் வரும் இடத்தை நம்பாதே. கப்பலோடு போன துணைக் கேப்டன் ஹன்னு கப்பலின் முன்கதவுப் பூட்டைச் சரிபார்க்கவில்லை, அதில்தான் தண்ணீர் புகுந்தது, முன்பக்க ஓட்டை மூழ்கும்போது அடியிலிருந்த பாறையில் இடித்து விழுந்தது என்று விசாரணைக் குழு எழுதியிருந்தது. படக்காரர்கள் ஓட்டையின் புகைப்படத்தை நீட்டினார்கள். உள்ளே தெரிந்த இரும்பு விலாக்களை எண்ணினேன், எட்டு இடைவெளி, ஒன்றுக்கு அறுபது சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மீட்டர், பாறையோ அதில் பாதிதான், ஆகவே வேறு எதுவோ மோதித்தான் மூழ்கியது, ஹன்னு மேல் தப்பில்லை என்று கேமராவைப் பார்த்து அடித்துச் சொன்னேன். கப்பலின் வரைபடத்தைக் கேட்கவே இல்லை. இருபது வயதில் உன்னைப் பெற்றவனுக்கு அந்த அவசரம் இன்னும் போகவில்லை.

படம் வந்த மறுவாரம் கப்பல் பட்டறையில் காபி நேரத்தில் என்னோடு வேலை செய்யும் கெய்யோ எல்லார் முன்னாலும், ஏண்டா ஸ்டாரு, பனிக்கட்டியை உடைக்கிற கப்பல் மூக்குல விலாவை முப்பது சென்டிக்கு ஒண்ணாத்தானே வைப்போம், நீயே எத்தனைக்கு வெல்டிங் வச்சிருக்கே, டிவியைக் கண்டதும் அளவுகோல் நீண்டுடுச்சோ என்றான். சிரித்தார்கள். கோப்பையை வைத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். முப்பது என்றால் ஓட்டை அந்தப் பாறையின் அளவேதான். விசாரணை முழுக்கச் சரி என்று இதற்கு அர்த்தமில்லை, படம் காட்டிய ஒரே ஆதாரம் போய்விட்டது. இயக்குநரைக் கூப்பிட்டால், படம் வெளியாயிடுச்சே, நீங்க உறுதியாப் பேசினதுதான் எல்லாருக்கும் பிடிச்சுது என்கிறான்.

இதைவிடக் கேவலம் மெர்வி விஷயம். ஊரில் எல்லாருடைய கல்லறையிலும் பெயரோடு தொழிலையும் வெட்டுவார்கள், பதினோரு வருஷமாக ஹன்னுவின் கல்லில் மட்டும் வெறும் பெயர், அவர் மனைவி மெர்விக்கு அந்தப் பதவியை எழுதக் கூச்சம். ஞாயிறன்று உண்மையைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் போனில் கல்லறையின் புகைப்படத்தைக் காட்டினாள், பெயருக்கு மேலே புதிதாகத் ‘துணைக் கேப்டன்’. நீ சொன்னதைக் கேட்ட மறுநாளே கல் வெட்டுறவனைக் கூப்பிட்டேன், யார்மோ, என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, கல்லுல வெட்டியாச்சே, இப்போ அதை நானே அழிக்கணுமாப்பா என்று கேட்டாள். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்திரிகைக்கு என் தப்பை என் பெயர் போட்டு அனுப்பிவிட்டேன். நீயும் யாருக்காவது அந்தப் படத்தை அனுப்பியிருந்தால் அப்பா அளந்தது தப்பு என்று மறக்காமல் சொல்லிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு, உனக்கு ஒரு குறையும் வராது. நாளை மறுபடி மெர்வி வீட்டுக்குப் போகிறேன். அழிக்க வேண்டாம், தப்பு செய்திருந்தாலும் அவர் துணைக் கேப்டன்தான் என்று சொல்ல வேண்டும், என் முகத்தைப் பார்க்க அவள் கதவைத் திறந்தால்.

உன் அப்பா,
யார்மோ