மூன்று பந்துகளும் என் இடது விலாவும்

ஜனவரி 5, ஞாயிறு

காபி ஆறிப்போனது. நான் கண்ணாடி முன் நின்று என் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்களா இவை? ஒன்றில் தாம்பரம் ரயில் நிலையத்தையும் மற்றதில் பல்லாவரம் மலையையும் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வாக்கிங் போகலாம்.

பிப்ரவரி 16 அன்று கீதா அக்காவின் பெண் ஸ்ம்ருதிக்குக் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தாய்மாமன் தோளில் தூக்க வேண்டும். அவளுக்கு இந்த அண்டத்தில் இருக்கிற ஒரே தாய்மாமன் அடியேன். மாப்பிள்ளை பிரணவைத் தூக்கப்போவது அவன் மாமா வைத்தீஸ்வரன். மேடவாக்கத்தில் தினம் ஜிம்முக்குப் போகிறவர். பீரோவுக்கு வேட்டி கட்டினாற்போல் இருப்பார். நிச்சயதார்த்தத்திலேயே சவால் விட்டுவிட்டார்: "நான் தூக்கினா எங்க பையன் ஃபேன் பக்கத்துல இருப்பான். உங்க பொண்ணு ஏணி கொண்டு வரட்டும்."

ஸ்ம்ருதி ஐந்தடிதான். "ஏணி நான்தான் ஓய்!" என்று முழங்கினேன். சபை நடுங்கியது.

(சாவித்ரி இதைப் படித்தால் "ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலை" என்பாள். மனைவிகளுக்குச் சரித்திர உணர்வு கிடையாது.)

ஜனவரி 8, புதன்

பயிற்சியைத் தொடங்கினேன். முடித்தும் விட்டேன்.

குரோம்பேட்டை அரிசிக் கடையில் மூட்டை இறக்கும் குப்புராஜிடம், "தள்ளுப்பா, கல்யாணப் பொண்ணு இது" என்று சொல்லி இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளுக்கு ஏற்றினேன். பாதி வழியில், "பொண்ணு பொன்னியா, பாசுமதியா?" என்று ஒரு ஜோக் அடித்தேன். நல்ல ஜோக். நானே சிரித்துவிட்டேன். அடுத்த கணம் பெண் மேலே, மாமன் கீழே, கடைப்படி என் இடது விலாவில்.

"இன்னா சார் நீ, சிரிச்சிக்கினே தூக்குனா மூட்டை எப்பிடி நிக்கும்? தம் கட்டித் தூக்கணும் சார்!" என்றான் குப்புராஜ், என்மேல் இருந்த அரிசியைத் தட்டிவிட்டபடி.

எக்ஸ்ரே: இரண்டு விலா எலும்பில் விரிசல்.

ஜனவரி 9, வியாழன்

தும்மினேன். பிரபஞ்சம் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது.

ஜனவரி 10, வெள்ளி

ஸ்ம்ருதி வந்தாள். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாதாம், அதுவாகச் சேருமாம். அதுவரை வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடக் கூடாதாம். நுரையீரலின் அடிப்பகுதி திறக்காமல் கிடந்தால் அங்கே சளி தேங்கி நிமோனியா வருமாம்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திணித்தாள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, ஓரத்தில் ஒரு டியூப். வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். இழுத்தேன். ஒரு பந்தும் என்னைச் சட்டை செய்யவில்லை.

"காத்தை மூக்கால உறிஞ்சப் பாக்காதே மாமா. காத்தை யாரும் இழுக்கறதில்லை. வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு. அது சுருங்கினா தட்டையாகிக் கீழே இறங்கும். விலாவுக்கு நடுவுல இருக்கற தசைங்க நெஞ்சுக்கூட்டைத் தூக்கி விரிக்கும். உள்ளே இடம் பெருசாச்சுன்னா அழுத்தம் குறையும். வெளியில அழுத்தம் ஜாஸ்தி. அப்பறம் காத்து தானே வரும்."

"கிண்டியில பாதி ரயில் இறங்கினதும் பிளாட்ஃபார்ம்ல நிக்கற கும்பல் தானே உள்ளே பாயற மாதிரி."

"ஏறக்குறைய."

அந்தத் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். சொல்லி முடிப்பதற்கே தனியாக ஒரு மூச்சு வேண்டும். ஐம்பத்தாறு வருஷமாகக் காற்றை நான்தான் பிடித்து இழுத்துவருகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் வெறுமனே கதவைத் திறந்துவிடுகிறவன்தானாம்.

என் விலாவில் கையை வைத்துக்கொண்டு, "இழு... நிறுத்து... மெதுவா விடு" என்றாள். படாரென்று விட்டேன். "மெதுவான்னேனே மாமா! உனக்கு எதுலயும் அவசரம்."

ஜனவரி 12, ஞாயிறு

அறிவியல் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, இழுப்பதற்குப் பதில் ஊதினால் மூன்று பந்தும் ராக்கெட் மாதிரி எழும்புகின்றன! விலாவும் அவ்வளவாக வலிக்கவில்லை. வீடியோ எடுத்து ஸ்ம்ருதிக்கு அனுப்பினேன். புடவைக் கடையில் இருந்தாள் போலிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் வந்தது.

இனிமேல் இதுதான் என் பயிற்சி.

ஜனவரி 13, திங்கள்

போகி. எங்கள் செம்பாக்கம் முழுக்கப் பழைய பாயும் டயரும் எரிந்த புகை. ஏரி எங்கே, வீடு எங்கே என்றே தெரியவில்லை. இருமினேன். அந்த இருமலை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஜனவரி 16, வியாழன்

முந்தாநாளிலிருந்து ஜுரம். பொங்கல் இறங்கவில்லை. மறுபடி எக்ஸ்ரே. இடது நுரையீரலின் அடியில் மங்கலாக இருக்கிறது என்றார் டாக்டர். மருந்து எழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் அட்மிட் என்றார்.

ஸ்ம்ருதி என் கட்டிலில் உட்கார்ந்து அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்தாள். பெரிதாக்கினாள்.

"மாமா, பெட்டியில இருக்கற எண்ணெல்லாம் ஏன் தலைகீழா இருக்கு?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இங்கே யாருக்கு மார்க் போடறேன்னு நினைச்சே? என் வார்டுல இப்படித்தான் ஒருத்தர் ஏமாத்தினார். அவரை அப்பறம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீ என்னைத் தூக்கவே வேண்டாம் மாமா. நீ அன்னிக்கு அங்கே இருக்கணும். எனக்கு அது போதும்."

சாவித்ரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். என்ன செய்துவிட்டேன் நான்? ஒரு விளையாட்டு, அவ்வளவுதானே — அவ்வளவுதானா?

பெட்டியை நேராக நிமிர்த்தி இழுத்தேன். வலி. மறுபடியும். முதல் பந்து துடித்தது, எழவில்லை. மறுபடியும்.

ஜனவரி 18, சனி

ஜுரம் இறங்கியது. முதல் பந்து ஏறியது. எது முதலில் என்று கேட்காதே.

ஜனவரி 19, ஞாயிறு

என்னைப் பார்க்க வைத்தீஸ்வரன் வந்திருந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்தார். அனுதாபம் கால் டம்ளர்தான். "என்ன ஓய், ஏணி உடைஞ்சு போச்சாமே?"

மேஜையில் பெட்டியைப் பார்த்தார். "இதையா தூக்க முடியலை? குடுங்கோ இப்படி." டியூபை வாயில் வைத்தார். ஜிம் நெஞ்சு புடைத்தது. ஊதினார்! பந்துகள் அசையவில்லை. இன்னும் ஊதினார். காது சிவந்தது, கன்னம் இரண்டும் பூசணிக்காய் ஆயின, மீசை தனியாகப் பறந்துபோகப் பார்த்தது. பந்துகள் தியானத்தில் இருந்தன.

"மாமா, அது ஊதறதுக்கில்லை, உள்ளே இழுக்கணும்" என்றாள் சாவித்ரி, மிகுந்த மரியாதையுடன். அவரே முதலில் சிரித்துவிட்டார், வீடு இடிகிறாற்போல. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது.

என் நிலைமை? உலகத்தின் மிகச் சிறந்த காட்சி என் எதிரில் நடக்கிறது, சிரித்தால் விலா என்னைக் கொன்றுவிடும். தலையணையை விலாவோடு அழுத்தி, அதன் முனையைக் கடித்துக்கொண்டேன். கண்ணீர் கொட்டியது. அவர் என் கையைப் பிடித்து, "வலியா சார்?" என்று உருகினார்.

ஜனவரி 27, திங்கள்

இரண்டாவது பந்து! ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து நின்று கைதட்டின.

பிப்ரவரி 2, ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டது. எலும்பு சேர்ந்துகொண்டு வருகிறது, ஆனால் கல்யாணத்தில் எதையும் தூக்கக் கூடாது.

கீதா அக்கா, "சாவித்ரியோட தம்பியைக் கேக்கலாமா?" என்றாள். ஸ்ம்ருதி ஒரே போடாகப் போட்டாள்: "வேற யார் தோளும் வேண்டாம். நான் தரையில நிக்கறேன்."

ஃபேன் பக்கத்தில் மாப்பிள்ளை, தரையில் இவள். மண்டபமே சிரிக்கும். என்னால்.

"ஏன்டி, தூக்கறதுக்கும் விலாவுக்கும் அப்படி என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன், கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே என்று.

"கனமாத் தூக்கும்போது நீ என்ன பண்றே? மூச்சை நிறைச்சுண்டு தொண்டையை மூடிக்கறே. வயித்துத் தசை இறுகறது. உள்ளே அழுத்தம் ஏறி, காத்தடைச்ச டயர் மாதிரி உடம்பு விறைப்பா நிக்கறது. உன் விலா அந்த அழுத்தத்தை இன்னும் தாங்காது."

"நடுவுல சிரிச்சா?"

"தொண்டை திறந்துடும், வயிறு ஹ ஹ ஹான்னு காத்தை வெளியே தள்ளும். டயர் புஸ். அரிசிக் கடையில அதுதானே ஆச்சு உனக்கு?"

"அப்படியா" என்றேன், மிக அப்பாவியாக.

பிப்ரவரி 9, ஞாயிறு

திட்டம் தயார். யாருக்கும் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மண்டபத்தில் மேளம் பலமாக ஒலிக்கிறது. வைத்தீஸ்வரன் மூச்சை நிறைத்து, தம் கட்டி, பிரணவைத் தோளில் ஏற்றினார். நிஜமாகவே ஃபேன் பக்கம்தான். ஸ்ம்ருதி தரையில், மாலையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறாள். எட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஆரவாரம். "ஏணி எங்கே, ஏணி எங்கே!"

நான் மெதுவாக நடந்து வைத்தீஸ்வரன் எதிரில் போய் நின்றேன். அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து மூன்று பந்துப் பெட்டியை எடுத்தேன். டியூபை அவர் மீசைக்கு நேரே நீட்டினேன்.

"சம்பந்தி, ஒரு ஊது ஊதுங்கோளேன்!"

ஒரு கணம் அப்படியே நின்றார். உதட்டை இறுக்கிப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு உடைந்தது பாருங்கள் அந்த அணை! ஹோ ஹோ ஹோ என்று காற்றெல்லாம் வெளியே போக, முழங்கால் மடங்க, ஜிம் மலை என் கண்ணெதிரே அடி அடியாக இறங்கியது. "மாமா, மாமா!" என்று கத்தியபடி அவர் தலையைக் கட்டிக்கொண்டு பிரணவும் இறங்கினான். ஸ்ம்ருதி எட்டிக் கழுத்தில் போட்டாள் மாலையை.

நானும் சிரித்தேன். அன்றைக்குத் தலையணையில் கடித்து வைத்த சிரிப்பு முழுவதும், வட்டியோடு. சாவித்ரி பதறி ஓடிவந்து என் இடது பக்கத்தைப் பிடித்தாள்.

"ஏன்னா, வலிக்கலையா?"

அப்போதுதான் கவனித்தேன். வலிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். வாசலில் கார் நின்றது. ஏறப்போன ஸ்ம்ருதி திரும்பி வந்து, அத்தனை பேர் எதிரில், ஆஸ்பத்திரியில் செய்வதுபோல என் விலாவில் கையை வைத்தாள்.

"இழு."

இழுத்தேன். கூடு விரிந்தது. அவள் கையைத் தள்ளிக்கொண்டு அது மேலே எழுவது எனக்கே தெரிந்தது.

"நிறுத்து... மெதுவா விடு மாமா."

மெதுவாக விட்டேன்.