அக்கா வரைந்த மூன்றாவது வரைபடம்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

கல்லறைத் திருநாள் அன்னிக்கு உன் கல்லறையைக் கழுவி, சாமந்தி வச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்பிட்டேன். கோச்சுகிட்டியா? பக்கத்துலயே நைனா நின்னுகினு இருந்தாரு. அவரை வச்சுகிட்டு எப்படிப் பேசறது? பேச வேண்டியதே அவரைப் பத்தித்தான். அதான் எழுதறேன்.

நைனா நம்ம கழனியை விக்கக் கிளம்பிட்டாரு அக்கா. அதுவும் உன் பேரைச் சொல்லி.

எந்தக் கழனியில கூலிக்கு நாத்துக்கட்டு சுமந்தாரோ, அதுலயே ஒரு துண்டை வாங்கினவரு. திருக்கழுக்குன்றத்துலேர்ந்து மாமல்லபுரம் போற ரோட்டுல நம்ம கழனியைச் சுத்தி எல்லாம் பிளாட்டு போட்டாச்சு. அப்பகூட அசையாத மனுஷன், இப்ப விக்கறேன்னு நின்னா எனக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் உன் படத்தால வந்த வினை. உன் படிப்புக்காக நீ வரைஞ்ச மூணு வரைபடமும் இன்னும் ஹால்ல, மாதா படத்துக்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்கு. பூமி கொஞ்சமா சூடானா நம்ம மாவட்டம் எப்படி இருக்கும்னு ஒண்ணு, நடுத்தரமா சூடானா ஒண்ணு, யாரும் எதையும் நிறுத்தாம இப்படியே புகை விட்டுகினு போனா எப்படி ஆகும்னு ஒண்ணு. முதல் படத்துல பச்சையா இருக்கற செங்கல்பட்டு, மூணாவதுல மஞ்சளாயிடும். "கலர் பென்சிலு வேலைக்கு இவ்ளோ படிப்பா?"ன்னு நான் உன்னைக் கிண்டல் பண்ணுவேன். "வறண்ட ஊருங்களோட எல்லைக்கோடு நம்ம பக்கமா நகருதுடா"ன்னு சொல்லுவ. மழை அதே மழைதானே, அப்புறம் எப்படி வறளும்னு கேட்டேன். "பானையில சோறு அதேதான்டா, பந்தியில ஆளு கூடிப்போச்சு. வெயில் ஏற ஏற மண்ணுக்குத் தாகம் ஏறும்"னு சொன்ன. அது மட்டும் என் மரமண்டையில நல்லா ஏறிடுச்சு.

ஊர்க் கூட்டத்துல நீ அதை விளக்கினப்ப எவனோ மூணாவதை மட்டும் போட்டோ எடுத்திருக்கான். அது சுத்திச் சுத்தி ஒரு மனை புரோக்கர் கையில மாட்டிகிச்சு. போனைக் காட்டி, "பெரியவரே, இன்னும் கொஞ்ச நாள்ல இது பாலைவனம். உங்க பொண்ணு போட்ட படம்தான் இது, பாத்துக்கோங்க"ன்னு சொல்லியிருக்கான். அதே ஆளு ரோட்டோரம் வச்ச பேனர்ல இன்னா எழுதியிருக்கான் தெரியுமா? 'பசுமை சூழ்ந்த மனைகள், இனிக்கும் நிலத்தடி நீர்.' விக்கறவனுக்குப் பாலைவனம், வாங்கறவனுக்குச் சோலைவனம்! அடப்பாவி!

போன வாரம் சிங்கப்பெருமாள் கோயில்ல கம்பெனி ஆளுங்களை இறக்கிவிட்டுட்டு வேனை வூட்டு வாசல்ல நிறுத்தறேன். நைனா வெள்ளைச் சட்டை போட்டுகினு நிக்கிறாரு.

"இன்னா நைனா, எங்க கெளம்பிட்ட?"

"ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு. கழனி கைமாறுது."

"இன்னாத்துக்கு?"

"பாலைவனம் ஆவும்னு என் பொண்ணே படம் போட்டுச் சொல்லிட்டா. இனிமே வேற எவன் சொல்லணும்?"

கையைப் புடிச்சு உள்ள இழுத்துகினு போய் மூணு படத்துக்கும் முன்னால நிறுத்தினேன். "அவ ஒண்ணு போடல நைனா, மூணு போட்டா. பாலைவனம்னும் சொல்லல. வறண்டு போற பக்கம் நகரும்னுதான் சொன்னா."

"மூணுல எதுடா நடக்கும்?"

"தெரியாது நைனா."

"அவளுக்கு?"

"அவளுக்கும் தெரியாது."

வந்துச்சு பாரு கோவம்! "படிச்சவடா அவ! அவளுக்குத் தெரியாதுன்றியா?" கை ஓங்கிட்டாரு. அப்புறம் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு. மெதுவா சொன்னாரு அக்கா:

"கழனிய வச்சிகினு, அது பச்சையாவே இருந்துச்சுன்னா, ஸ்டெல்லா சொன்னது தப்புன்னு ஊரு பேசும். எம்பொண்ணு தப்பாப் போறத நான் உசுரோட உக்காந்து பாக்கணுமா?"

அதுவரைக்கும் நிலத்தைப் பத்தின பயம்னுதான் நெனச்சேன். நீ காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்து வூடு திரும்பாததுல இருந்து, உன் வார்த்தையையாவது காப்பாத்தணும்னு அலைஞ்சிருக்காரு மனுஷன்.

"நைனா, ஊரு முழிச்சுகிட்டு, அது தப்பாப் போவணும்னுதான் அக்கா அந்த மூணாவதை வரைஞ்சா. பலிக்கணும்னு இல்ல"ன்னு சொன்னேன்.

"அப்பிடியா சொன்னா?"

"ஆமா."

நீ அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல அக்கா. உன் வாய்ல நானா ஒரு வார்த்தையை வச்சுட்டேன். ஆனா நீ அப்படித்தானே நெனச்ச? நெனச்சிருப்ப இல்ல?

நைனா சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு. புரோக்கர் போன் பண்ணான். "கழனி விக்கறதுக்கு இல்லப்பா, வெச்சிடு"ன்னு கட் பண்ணிட்டாரு. எனக்குத்தான் நிம்மதி இல்ல. மழை வந்தா ஒரேயடியாக் கொட்டுது, நின்னா அப்படியே நின்னுடுது. சம்பா பயிர் இப்போதைக்கு நல்லா கீது. அடுத்த போகத்துக்கு நெல்லு வேணாம், கேழ்வரகு போடலாம்னு நைனாவே சொல்றாரு. நாளைக்கு நெசமாவே மஞ்சளாயிட்டா, விக்க வேணாம்னு தடுத்தவன் நான்தானே? கேழ்வரகும் காய்ஞ்சா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வேன் ஓட்டும்போது ரெண்டு பக்கமும் கழனியைப் பாத்துகினே போறேன். பக்கத்துல உக்காந்து வரவங்க, "அண்ணாத்த, ரோட்டைப் பாரு"ன்னு கத்துறாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்தப் புரோக்கர் எங்கெல்லாம் ஒரு படத்தை மட்டும் காட்டுறானோ, அங்கெல்லாம் நான் மூணையும் காட்டுவேன். நம்ம தாங்கல் ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாயைத் தூர் வார பசங்களைச் சேர்த்துட்டேன், நானும் மம்பட்டியோட எறங்கறேன். இதெல்லாம் எந்த மூலைக்குன்னு கேப்ப. தெரியல. நீ வாழ்க்கையிலயே ஒரே ஒரு தடவை தப்பாப் போகணும் அக்கா. அதுக்கு என்னாலானதைச் செய்யாம விடமாட்டேன்.

உன்னைத் தோக்கடிக்கத் துடிக்கிற,
உன் கூடப்பொறந்த தம்பி
அருள்