கூடத்தில் ஏழாவது முகம்

அக்கா,

கூடத்தில் இன்னும் அச்சு மை வாடை போகவில்லை. கேன்வாஸில் புதிதாகப் படம் அடித்து மாட்டினால் பத்து நாளைக்கு இந்த வாடை இருக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவளே நீதான். இந்த முறை மாட்டியிருப்பது உன் படம்.

கல்யாணம் உன்னை இரண்டு வருடம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. என்னை அது கூப்பிடவே இல்லை. அதனால் நாம் இரண்டு பேரும் முப்பது வருடம் இந்தக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதம் உனக்குச் சுவர் கண்ணில் பட்டது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சடித்த பழங்காலத்து முகங்களை ஏதோ வெளிநாட்டு நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. அதிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கினாய். பொய்முடி வைத்த ஒரு நீதிபதி, கழுத்தைச் சுற்றி இடியாப்பத் தட்டு போல மடிப்புத் துணி கட்டிய ஒரு சீமாட்டி, உலக உருண்டைமேல் கைவைத்த ஒரு தாடிக்காரர், இந்த மாதிரி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேனர் கடையில், ஒரு காதணி விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் அவர்களையும் அடித்துக் கொடுத்தார்கள்.

கண்ணாடி போட்டால் டியூப்லைட் வெளிச்சம் அடிக்கும் என்று வெறும் கேன்வாஸாகவே சட்டத்தில் இழுத்துக் கட்டச் சொன்னாய். ஸ்கேல் வைத்து இடைவெளி அளந்து மாட்டினாய். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இவர்களெல்லாம் எந்த விசாரணைக்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஐயம்பேட்டையிலிருந்து வந்த சித்திக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. நம் வீடுகளில் சுவரில் முகம் இருந்தால் அது செத்துப்போனவர் முகம். உன் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் என்று அவளே முடிவுகட்டி, நீ காப்பி போட்டு வருவதற்குள் ஆறு பேர் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். கண்ணாடி இருந்திருந்தால் துடைத்திருக்கலாம். துணியில் ஊறிவிட்டது. நீதிபதி அன்றிலிருந்து பக்திமான். வேறு அடித்து மாட்டலாம் என்றேன். நீ கேட்கவில்லை.

"வுடுடா. யாரோ ஒருத்தருக்கு யாரோ பொட்டு வெச்சாங்க. அத போய் அழிக்கச் சொல்ற."

போட்டோ வைத்தால் போதாதா, இந்தக் கோட்டுப் படம் எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு நீ சொன்னாய்: "போட்டோ ஒரு நிமிசத்துல எடுத்துடுவான். இது அப்படி இல்ல. ஒருத்தன் மாசக்கணக்கா உக்காந்துக்கினு இந்த மூஞ்ச கோடு கோடா பாத்திருக்கான். நம்மள எவன்டா அப்படிப் பாத்தான்?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியதாக ஞாபகம் இல்லை.

மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் நீ இல்லை.

காரியத்துக்குப் படம் வேண்டுமென்றார்கள். நீ கேமராவுக்கு எப்போதும் முதுகைத்தான் காட்டினாய். கிடைத்தது உன் பிரிவுபசார விழாவின் குரூப் போட்டோ ஒன்றுதான். மூன்றாவது வரிசையில், கொத்துக்கடலை அளவில் இருந்தாய். அதே பேனர் கடையில் கொடுத்தேன். மறுநாள் போனால் கம்ப்யூட்டர் திரையில் அரக்குப் பட்டு, அகலக் கரை, கழுத்தில் அட்டிகை, கரிய கூந்தல் என்று ஒருத்தி இருந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லை. ஆயுள் முழுக்கப் பருத்திப் புடவையில் தபால் முத்திரை குத்தியவள் நீ. டிசைனரிடம் கேட்டேன். "அம்மாங்க எல்லாருக்கும் இந்தப் பட்டுதான் சார் போடுவோம்" என்றார். காஞ்சிபுரத்தில் செத்துப்போகும் பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே புடவைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

யாரோ ஒருத்திக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. சுவரில் நீதான் இருக்க வேண்டும். டிசைனர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பட்டு போனது. நரை வந்தது. கண்ணாடி வந்தது. கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம் இருக்கும், அதையும் வையுங்கள் என்றேன். குரூப் போட்டோவில் அது தெரியவில்லை.

"எந்தப் பக்கம் சார்?"

எதிரில் உட்காருகிறவளின் இடது எனக்கு வலது என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போடவும் ஒரு முகம் வேண்டியிருந்தது. உன் குரல் வந்தது, ரசம் ஊற்றும் கை வந்தது. கன்னம் வரவில்லை. ஆதார் அட்டையில் முகமே ஒரு பெரிய மச்சமாகத்தான் இருக்கிறது. சித்திக்குப் போன் செய்தேன். "அவளுக்கு மச்சமாப்பா? எங்க?" என்றாள்.

டிசைனர் காத்துக்கொண்டிருந்தார். இடது என்றேன். மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது.

காரியத்துக்கு வந்தவர்கள், அப்படியே இருக்கிறாய் என்றார்கள். தப்பென்றால் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். தினமும் அந்தச் சுவருக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இன்னும் தெரியவில்லை.

இப்போது ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் எதிரில் உட்கார்ந்தாலும் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஓரிக்கை போகும் ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த அம்மா, "இன்னாபா அப்படிப் பாக்குற, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லம்மா என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். அவர் புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அவருக்கு வலது, எனக்கு இடது.