'தடுத்துவிடும்' என்று எழுதியவள்

மார்ச் 4
'புது மென்பொருளோடு கையேடும் சேர்ந்தே வரும் சார், ஆனால் அதை எழுதியவர்களுக்கு நம் கிடங்கு தெரியாது.' இதை இன்று நான் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கால்நடை மருந்து அனுப்பும் எங்கள் கம்பெனிக்கு இங்கேயே எழுதிய மென்பொருள் இனி வேண்டாமாம். வெளியில் வாங்கியாகிவிட்டது. "இனிமே நீங்க ரெண்டு பேரும் உக்காந்து என்னத்த எழுதப் போறீங்க?" என்றார் மேலாளர் கர்மர்கர் சார். எல்லோரும் சிரித்தார்கள். ஜூனுக்குப் பிறகு கையேடு எழுத ஒரே ஆளுக்குத்தான் இடம். நான், அல்லது என்னோடு கையேடு எழுதும் கேதகி.

மார்ச் 12
விற்றவர்களின் உதவிப் பக்கங்களைப் படித்தேன். தவறே இல்லை. எங்களைப் பற்றியும் எதுவும் இல்லை. முக்கியமான இடத்திலெல்லாம் ஒரே வரி: உங்கள் நிறுவன விதிப்படி அமைத்துக்கொள்ளவும். அந்த விதி எங்கே இருக்கிறது? என் பழைய கையேட்டில்.

மார்ச் 19
அவர்கள் ஆள் அனிகேத் அந்தக் கையேட்டைக் கேட்டான். "சும்மா பாத்துக்கத்தான் மேடம்." கொடுத்தேன்.

ஏப்ரல் 16
பயிற்சிக் கையேடு வந்தது. அட்டையில் அவர்கள் பெயர். உள்ளே என் வாக்கியங்கள்! படங்களை மட்டும் மாற்றியிருக்கிறான். உதாரணத்துக்காக நான் கற்பனை செய்த போர்கே மருந்தகம்கூட அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நான் எழுத்துப்பிழை பார்த்துத் தர வேண்டுமாம்.

கேதகி தின்றுகொண்டிருந்த வடாபாவைக் கீழே வைத்துவிட்டாள். "அடியே, திருடன் வந்து பீரோ எங்கன்னு உன்னையே கேட்டிருக்கான். நீயும் கை காட்டியிருக்க."

கர்மர்கர் சாரிடம் போனேன். "நல்லாத்தானே இருக்கு? உனக்கு வேலை மிச்சம்."

ஏப்ரல் 17
ஏழாம் அத்தியாயம். கடையிலிருந்து திரும்பி வரும் தடுப்பூசிப் பெட்டி மறுபடி இருப்பில் ஏறக் கூடாது. எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்ததோ. 'ஏற்ற முயன்றால் மென்பொருளே தடுத்துவிடும்' என்று எழுதியிருந்தேன். பழையது தடுத்தது. புதியது தடுக்கவில்லை — இன்று நானே ஏற்றிப் பார்த்தேன். கர்மர்கருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதில்: எழுத்துப்பிழை மட்டும் பார்.

மே 20
மாற்றாமலே அச்சடித்து எல்லாக் கிடங்குக்கும் அனுப்பிவிட்டார்கள்.

மே 28
சாகன் கிடங்கிலிருந்து சுரேகா போன் செய்தாள். "மேடம், தடுக்கும்னு போட்டிருக்கு, தடுக்கவே இல்லியே! திரும்பி வந்த பெட்டி நேத்தே வெளிய போயிடுச்சு." கெட்டுப்போன மருந்து. எந்த ஊர் மாட்டுக்குப் போட்டார்களோ.

சாயங்காலம் கர்மர்கர் அறையில் கூட்டம். "இந்த வாக்கியம் யாரோடது?"

"மேடமோடது சார்," என்றான் அனிகேத். கூசாமல்.

நல்லா இருந்தவரைக்கும் அவங்க கையேடு. தப்பானதும் என் வாக்கியமா? என்ன நியாயம் இது?

இந்த முறை சொன்னேன். என் மின்னஞ்சலை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அவர் பதிலையும். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 3
வெளியே போன பெட்டியில் பாதி மருந்துதான் திரும்பக் கிடைத்தது.

ஜூன் 30
இடம் கேதகிக்கு. "வேணாம்னு சொல்லிடட்டுமாடி?" என்றாள். சொல்லாதே என்றேன்.

மத்தியானம் முழுக்க ஏழாம் அத்தியாயத்தில் மாற்ற வேண்டியதை அவளுக்குச் சொன்னேன். அட்டையில் அவர்கள் பெயர்தான் இருக்கும். பிறகு என் அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.